பஜ்ஜித் தட்டும் கல்லீரல் பட்டையும்

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்கவில்லை. இதழினியின் மணிக்கட்டில் பச்சையாக ஒளிர்ந்த கல்லீரல் பட்டையைத்தான் உற்றுப் பார்த்தார்கள். கல்லீரலைச் சோதிக்கும் அந்த அரசாங்கப் பட்டையைத் தண்டையார்பேட்டையில் எல்லோரும் கட்டியே ஆக வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரின் அண்ணா நகருக்கு அந்தச் சட்டம் கிடையாது.

"வியாதிக்கார ஏரியாவுலதானே இதைக் கட்டுவாங்க? இந்த இடம் நமக்குச் சரிப்படாது" என்று மாப்பிள்ளையின் அம்மா கோமளா முகம் சுளித்தாள்.

மாப்பிள்ளை ரேவந்த் நாலாவது வாழைக்காய் பஜ்ஜியில் மூழ்கியிருந்தான். இரண்டு வருடம் காதலித்தவன் வாயைத் திறப்பது இதற்குத்தானா என்று இதழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று எழுந்து, தன் பட்டையைக் கழற்றி அவன் கையில் மாட்டினாள்.

பட்டை சிவந்தது. "கல்லீரலில் கொழுப்பு! தட்டைக் கீழே வையுங்கள்!" என்று அலறியது.

"ஐயோ, எம்புள்ள ஒரு சொட்டு குடிக்க மாட்டானே!"

"குடிக்காதவங்களுக்கும் வரும் அத்தை. பயப்படாதீங்க, இப்பவே தெரிஞ்சதால சரி பண்ணிடலாம். வீட்டோட மாப்பிள்ளையா இங்க வந்துட்டா, இவருக்கும் இலவசமா ஒண்ணு கட்டிவிடுவாங்க."

ரேவந்த் சிரிப்பை அடக்கப் பார்த்தான். கோமளா கடித்த பஜ்ஜியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகத் தன் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு தடவை மாட்டிப் பாரேன், மருமகளே."