கடிக்கிற கொசு

"கதவுல கை வச்சீங்கன்னா உங்க உயிருக்கு நான் பொறுப்பில்லை. இப்பவே சொல்லிட்டேன்!"

டாக்டரம்மா இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்து நின்றாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அரசாங்கக் கொசு ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர். அரக்கும் நூலுமாகச் சீல் வைக்க வந்த அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். அவரை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார் மச்சான்.

மச்சான் என்றால் அமைச்சருக்கு மச்சான். ஒரே வருஷத்தில் ஆட்சி இரண்டு தடவை கவிழ்ந்து, கடைசியில் இவருக்கு யோகம் அடித்திருந்தது. முதல் தடவை கூடத்தின் பெயர்ப்பலகை மாறியது. இரண்டாம் தடவை பலகையே போய்விட்டது. மானியம் நின்றது, சம்பளமும் நின்றது. இப்போது கட்டடத்தைத் தன் கம்பெனிக்குக் கிடங்காக்கிக்கொள்ள மச்சானுக்கு ஆசை.

"போன ஆட்சிக்காரன் வளர்த்த கொசு எங்களுக்கு எதுக்கும்மா? நகருங்க!"

"இது சாதாரணக் கொசு இல்லை சார். ஒண்ணு கடிச்சாப் போதும், படுத்தவன் எந்திரிக்க மாட்டான்."

"பூச்சாண்டி காட்டறீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வலைக்கூண்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. பஞ்சு மாற்றிக்கொண்டிருந்த உதவியாளர்ப் பெண் ஓடிவந்து டாக்டரம்மாவின் காதைக் கடித்தாள்.

"என்னக்கா இப்படிப் புளுகறீங்க? முன்னறையில இருக்கிறது அத்தனையும் ஆம்பளைக் கொசு. அதுங்க எங்கே கடிக்கும்?"

"வாயை மூடுடி!" என்று அவள் காலை மிதித்தாள் டாக்டரம்மா.

அந்தக் கொசுக்களை வெளியே விட்டால் ஊர்ப் பெண் கொசுக்களோடு கூடும். அப்புறம் அதுகள் இடுகிற முட்டை பொரியாது. காய்ச்சல் பரப்புகிற கூட்டம் தானாக அற்றுப்போகும். போன மழைக்குச் சில தெருக்களில் விட்டுப் பார்த்ததில் நல்ல பலன். அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கி விளக்கிச் சொல்லித் தொண்டை வற்றியவளும் டாக்டரம்மாவேதான்.

கதவைப் பூட்டிக் கரண்ட்டையும் பிடுங்கினால் உள்ளறையில் இனம் பெருக்க வைத்திருக்கிற மூலக்கூட்டம் விடிவதற்குள் செத்துப்போகும். ஆறு வருஷத்து உழைப்பு, விதைக்கு ஒன்று மிஞ்சாது. கூடத்தை மூடக் கூடாது என்று அவள் போட்ட வழக்கு திங்கட்கிழமை நீதிமன்றத்தில் வருகிறது. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவள்.

"நம்பிக்கை இல்லைன்னா வாங்க சார், நீங்களே முதல்ல உள்ள வாங்க!" என்று கதவை விரியத் திறந்து, பக்கத்துக் கூண்டின் மூடியை லேசாகத் தூக்கினாள்.

ஒரு கைப்பிடி கொசு 'ங்ஙொய்' என்று கிளம்பியது. அவ்வளவுதான். மச்சான் "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு வராந்தாவிலேயே கிடந்தது. காருக்குள் விழுந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளிருந்தே கத்தினார்.

"யோவ், என்ன எழுதணுமோ எழுதிட்டு வாய்யா சீக்கிரம்!"

அதிகாரிக்கு எந்தப் பதற்றமும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். அவர் மணிக்கட்டில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அதைத் தட்டிக்கூட விடவில்லை மனிதர். எருமைத் தோல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் டாக்டரம்மா.

"ஏம்மா, கரண்ட்டைப் பிடுங்கினா இதுங்களுக்கு வெறி கிறி பிடிக்குமோ?"

மடையன், அவனாகவே எடுத்துக் கொடுக்கிறானே! "ஆமா சார்! பயங்கரமா வெறி பிடிக்கும்!"

"பழகினவங்க பக்கத்துல இல்லைன்னா வலையை ஓட்டை போட்டு வெளியே வந்துருமோ?"

"வந்துரும் சார்! நேரா அமைச்சர் வீட்டுக்குக்கூடப் போகும்!"

"அப்போ சீல் வச்சா ஆபத்து."

"மகா ஆபத்து சார்!"

எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார் அதிகாரி. மறு உத்தரவு வரும்வரை சீல் வைக்கக் கூடாது, மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது, இருக்கிற ஆட்கள் இப்படியே வேலையைத் தொடர வேண்டும். காரருகே போய்க் கண்ணாடி இடுக்கு வழியாகக் காகிதத்தை நீட்டினார். மச்சான் படித்துப் பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிகாரியை அம்போ என்று விட்டுவிட்டுப் பறந்துவிட்டார்.

உதவியாளர்ப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, அந்த ஆபீசர் சரியான மண்டு அக்கா!"

"மெதுவாடி, திரும்பி வர்றான்!"

காகிதத்தின் நகலை டாக்டரம்மா கையில் கொடுத்தார் அதிகாரி. "நீதிமன்றத்துல இதையும் காட்டுங்க. இந்த மழைக்கும் எங்க தெருவுக்கு வந்துருங்க. போன தடவை எங்க வீட்டுல ஒருத்தரும் காய்ச்சல்ல படுக்கலை."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், நீங்க..."

சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கொசுவை, அடிபட்டுவிடாமல் பதமாக ஊதிக் கூண்டுக்குள் விட்டார் அவர்.

"ஆம்பளைக் கொசு கடிக்காதுன்னு எங்க வாசல்ல வந்து சொன்னதே நீங்கதானேம்மா?"