கட்டிப்போட்ட சக்கரங்கள்

எல்லாக் கூண்டுகளிலும் சக்கரங்களை நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

ஓட வேண்டிய கிழட்டு எலிகள் மூலையில் சுருண்டு கிடந்தன. ஆராய்ச்சிக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கையைப் பிசைந்தார். "ஒண்ணோட வாலு சக்கரத்துல மாட்டி ரத்தம் வந்துருச்சும்மா. எல்லாம் பத்திரமா இருக்கட்டுமேன்னுதான் கட்டினேன்."

பத்திரமாம், பத்திரம்!

வளர்ந்த மூளையில் புதிதாக ஒன்றும் பிறக்காது என்று சாதிக்கிறவர்களோடு மல்லுக்கட்டியே அவளுக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது. கிழட்டு எலியின் மூளையிலும், நினைவுகள் பதிகிற பகுதியில், ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து புது நரம்பு செல்களை உண்டாக்குகின்றன. ஓடுகிற எலிக்கு அவை நிறையப் பிறக்கும். முடங்கிக் கிடக்கிற எலிக்குக் குறைந்துபோகும்.

அதைக் காட்டத்தான் இத்தனை பாடு. ஒரு நூல்கண்டு எல்லாவற்றையும் மண்ணாக்கிவிட்டது.

பைக்குள் போன் அடித்தது. அப்பாவாகத்தான் இருக்கும், காலையிலிருந்து அதே கேள்வி. அவள் எடுக்கவில்லை.

"வயசாயிட்டா மூலையில கெடக்கணும்னு சட்டமாண்ணே? நாலடி ஓடினாத்தானே மூளைக்குள்ள புதுசா ஏதாவது மொளைக்கும்? காயம் பட்டா மருந்து போடுங்க. ஓட விடாம கட்டிப்போட்டுட்டு, அதுக்குப் பேரு பத்திரமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நூலை அறுக்கக் கத்தரிக்கோல் தேடி, பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள்.

கத்தரிக்கோல் விழுந்தது. போன் விழுந்தது. வீட்டு வாசல் சாவி விழுந்தது.

கடைசியாக, குதிகால் தேய்ந்த ஆண் செருப்பு ஒரு ஜோடி விழுந்தது.

அண்ணன் செருப்பைப் பார்த்தார்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"செருப்பைக் காணோம்மா. கதவும் தொறக்க மாட்டேங்குது. சும்மா தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்னு பாத்தேன்."

போன வாரம் வீட்டுக்கு வழி மறந்து, எங்கோ விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றவர்.

நீங்க பத்திரமா இருக்கணுமேன்னுதாம்ப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

கத்தரிக்கோலை அண்ணன் கையில் கொடுத்தாள். சாவியையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.