கேசட்டில் கேட்ட குரல்

"யாருடா அது, என் புள்ளையப் பாத்து 'டேய்'ங்கறது?"

துரைராசு அத்தான் போட்ட சத்தத்துல டேப் ரிக்கார்டரை அமுக்கி நிறுத்தினேன். கூடத்துல உக்காந்திருந்த நாலு மிராசுதாருங்களும் காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க, என்னமோ நான்தான் கேசட்டுக்குள்ள பூந்து கத்தின மாதிரி.

அத்தான் என் அக்கா சாவித்திரியோட வீட்டுக்காரர். நான் அவர் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அங்கேயே கெடக்கிற மச்சான். அதனால அவரைப் பத்திப் பேசக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். உச்சவரம்புச் சட்டத்துல நெலம் பாதியாயிடுச்சு. மீசை மட்டும் பழைய அளவுதான்.

அவர் மகன் பஞ்சநதம் மஸ்கட் போயி எட்டு மாசம் ஆவுது. கடுதாசி எழுதச் சோம்பல் பட்டுக்கிட்டு, கேசட்டுல பேசி அனுப்பியிருந்தான். அத்தான் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டிருக்கலாம். 'மகன் வெளிநாட்டுலேர்ந்து பேசறான்'னு ஆளைக் கூட்டி வெச்சுக்கிட்டுக் கேட்டார்.

ஆரம்பம் நல்லாத்தான் இருந்தது.

"அப்பா, அம்மா, மாமா... எல்லாரும் சௌக்கியமா? வந்த புதுசுல ஒருத்தனும் என்கிட்ட பேசலை. 'மிராசுதார் மகன்'னு சொன்னேன், சிரிக்கிறானுங்க. மூணு மாசம் செவுத்தைப் பாத்துத்தான் படுத்துக் கெடந்தேன். ஊருக்கே ஓடி வந்துடலாம்னு இருந்தேம்மா. இப்ப ஒரு சிநேகிதன் கெடைச்சிருக்கான். நம்ம பக்கத்துக்காரன்தான். பேரு அப்புறம் சொல்றேன்."

"சீர்காழி வக்கீல் மகனாத்தான் இருக்கும்!" அக்காவுக்கு வாயெல்லாம் பல்லு.

அப்பத்தான் கேசட்டுல பின்னாலேர்ந்து இன்னொரு குரல் வந்தது.

"டேய் பஞ்சநதம்! ரசம் ஆறுது, தின்னுட்டு வந்து பேசு! நேத்து உன் தட்டை நான் கழுவினேன், இன்னிக்கு ரெண்டையும் நீதான் கழுவணும், ஆமா!"

யாருன்னு அத்தான் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்கு. அந்தக் குரல் அந்தக் கூடத்துல யாருக்குத் தெரியாது? மூணு அறுப்புக்கு எங்க வரப்புல செங்கொடியோட நின்னு "கூலியை உயர்த்து!"ன்னு கத்தின குரல். எங்க வயல்ல கூலிக்கு வேலை செய்யிற காத்தாயி மகன் நல்லக்கண்ணு. அந்தக் குரலை அடக்கத்தான், நெல்லைத் திருடிட்டான்னு அத்தான் கேசு குடுத்து அவனைப் பதினஞ்சு நாள் உள்ள வெச்சார். நெல்லு என்னமோ எங்க பத்தாயத்தை விட்டு நகரவே இல்லை. அவன்தான் வெளிய வந்ததும் வெளிநாட்டுக்கு நகர்ந்துட்டான்.

"அவன் தட்டை உங்க புள்ள கழுவறானா?" ஒரு மிராசுதார் மெதுவாக் கேட்டார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாளுதாங்க"ன்னு நான் சமாதானம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

வந்தவங்க மீதிக் காபியக் குடிக்காமலே கெளம்பிட்டாங்க. அத்தான் துண்டை உதறித் தோள்ல போட்டார். "அந்தப் பெட்டியத் தூக்குடா!"

ஆள் விட்டா காத்தாயி வரமாட்டா, அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. நாங்கதான் போனோம். வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. "வாங்க"ன்னா. எழுந்திருக்கலை.

"உன் மகன் பேசற லட்சணத்தைக் கேளு!"

போட்டேன். 'டேய் பஞ்சநதம்'னதும் அவ கையிலேர்ந்து கீரை நழுவிடுச்சு.

"இன்னொரு தரம் போடுங்க தம்பி."

போட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு தரம்."

அவ மகன் குரலைக் கேட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சாம். "ரசம் வெக்கிறானாமே, சுடுதண்ணி வெக்கத் தெரியாத பய!"ன்னு அழுதுக்கிட்டே சிரிச்சா.

அத்தானுக்குப் பொறுக்கலை. "இங்க என்ன கச்சேரியா நடக்குது? என் மகனை விட்டு வெலகிக்கச் சொல்லி உன் மகனுக்கு எழுது. இன்னைக்கே எழுது."

"வெலகிட்டா அந்தப் புள்ள என்னங்க பண்ணும்?"

"அவனுக்கு ஆயிரம் சிநேகிதன் கெடைப்பான்!"

நான் தூக்கி வளத்த புள்ள. மறுபடி அந்தச் செவுத்தைப் பாத்துப் படுக்கப் போறான், இந்த மனுசனோட வீறாப்புக்காக.

காத்தாயி கையைத் தொடச்சுக்கிட்டு உள்ள போனா. ஒரு கடுதாசியோட வந்து என்கிட்ட நீட்டினா. "மகன் எழுதினது. சத்தமாப் படிங்க தம்பி."

படிச்சேன்.

"அம்மாவுக்கு நல்லக்கண்ணு எழுதிக்கொண்டது. துரைராசு மகன் எங்க கேம்புக்கு வந்து யாரோடயும் ஒட்டாம பட்டினியாக் கெடக்கான்னு நான் எழுதினதுக்கு, 'அவன் பேச மாட்டான், அவங்க வீட்டுல அது பழக்கமில்லை, நீயே போயிக் கூப்புட்டு சோறு போடு'ன்னு யாரையோ எழுதச் சொல்லிப் பதில் போட்டிருக்கே. அவங்கப்பா குடுத்த பொய்க் கேசுல உள்ள கெடந்தவன் நான். அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கலை. நீ சொன்னியேன்னுதான் போயிக் கூப்புட்டேன். நல்ல பயலாத்தான் இருக்கான்மா. தட்டுதான் கழுவத் தெரியலை, சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

அத்தான் துண்டை இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்தினார்.

"கூலித் தகராறு எங்கியும் போயிடலைங்க, அதை அறுப்பன்னிக்கு வயல்ல வெச்சுக்குவோம்"னா காத்தாயி. "இப்ப வெலகிக்கன்னு எழுதணும், அவ்வளவுதானே? எனக்கு எழுதத் தெரியாது. தம்பி, பேனா இருக்குங்களா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அத்தான் முந்திக்கிட்டார்.

"இவன்கிட்ட ஏது பேனா? வாடா போவலாம்!"

பேனா என் சட்டைப் பையில, அவர் கண்ணுக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்தது.