சார்ஜரை முதலில் காட்டுங்கள்

“சார்ஜரை முதல்ல காட்டுங்க தம்பி” என்றாள் என் மனைவி.

டை கட்டியிருந்த விற்பனையாளன் சிரித்துவிட்டான். வீடு பார்க்க வந்தவர் முதலில் சாக்கடையைக் காட்டச் சொன்னதுபோல் இருந்திருக்கும் அவனுக்கு.

மகளுக்குத் திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. நான்கு வருஷப் படிப்பு, நான்கு வருஷத்துக்கும் ஒரே லேப்டாப். நடுவில் அது படுத்துவிட்டால் இன்னொன்று வாங்க எங்களால் ஆகாது. இது மூன்று பேருக்கும் தெரியும் என்பதால் காலையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் மனைவி என்னைக் கூட்டி வந்திருந்தாள். நியாயம்தான். நான் பெயிண்டர். கலர் நன்றாக இருந்தால் எனக்கு வெளுத்ததெல்லாம் பால். வீட்டில் மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி மூன்றும் நான் பார்த்து வாங்கியவை. மூன்றும் அழகாக இருக்கின்றன. மூன்றும் வேலை செய்யவில்லை.

முதல் லேப்டாப்பின் திரையில் ஒரு கிளி பறந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன்.

அவள் கிளியைப் பார்க்கவே இல்லை. சார்ஜரை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தாள்.

“செங்கல்” என்றாள். பிறகு மகளிடம், “அதைத் திருப்பு. அடியில இருக்கிற ரப்பரை நகத்தால கெல்லிப் பாரு” என்றாள்.

மகள் கெல்லினாள். ரப்பரின் ஓரம் எழும்பியது.

“வெறும் பசை. ஆறு மாசத்துல ரெண்டு காணாமப் போயிடும். அப்புறம் மேஜையில ஆடும், அடியில காத்து போகாது, கொதிக்கும்.”

இரண்டாவது வந்தது. மூலையைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். மகள் தடவிவிட்டு, கூராக இருக்கிறது என்றாள். அதுவும் போயிற்று.

“உள்ளே எல்லாத்துலயும் ஒண்ணுதான்ப்பா” என்று மகள் என் காதில் சொன்னாள். பதினைந்து நாளாக அவள் ஒப்பிட்டு ஒப்பிட்டு, வேகம் இவ்வளவு, நினைவகம் இவ்வளவு, விலை இதற்கு மேல் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். உள்ளே இருப்பது மகள் பொறுப்பு. வெளியே இருப்பது அம்மா பொறுப்பு. எனக்கு வேடிக்கை பார்க்கிற பொறுப்பு.

மூன்றாவதை எடுத்து வைத்த விற்பனையாளன், பேட்டரி பத்து மணி நேரம் நிற்கும் என்றான்.

“நிக்காது தம்பி. இதை வச்சிருக்கறவங்க சார்ஜர் இல்லாம வெளிய கிளம்பறதே இல்ல.”

அவன் சிரிப்பு அதோடு நின்றது. குரலைத் தாழ்த்தி, “மேடம் சர்வீஸ் சென்டர்ல இருக்கீங்களா?” என்று கேட்டான்.

அவள், சாம்பல் நிறம், மூடியின் ஓரத்தில் ஒரு கோடு, சின்ன சார்ஜர், அது இருக்கிறதா என்று கேட்டாள். பெயர் அவளுக்குத் தெரியாது.

அவன் முதலாளி இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனான். அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தான். பளபளப்பு கிடையாது, கிளி கிடையாது. முதலில் காட்டியதைவிட விலையும் குறைவு.

“எங்க தங்கச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்தது இதுதாம்மா. இதுல கடைக்குப் பெருசா லாபம் ஒண்ணும் நிக்காது, அதான் வெளிய வைக்கறதில்ல” என்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, இவள் என் பெண்டாட்டி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தும், எந்தப் பொருளையும் இவளைக் கேட்டு வாங்கத் தோன்றாத என் மண்டையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

மகள் திருப்பிப் பார்த்தாள், தடவினாள், ஒரே விரலால் மூடியைத் திறந்தாள். அடிப்பாகம் கூடவே எழும்பவில்லை. தன் தாளோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பில் போடும்போது விற்பனையாளன் ஒரு புதுப் பையை எடுத்து நீட்டினான். இலவசம் என்றான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவள் பார்த்தாள். ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை இழுத்துவிட்டுப் பையை அவன் பக்கமே தள்ளினாள்.

“வேணாம் தம்பி. ஆறு மாசத்துல எங்கிட்டதான் வரும்.”

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவள் கடை. பைக்கு ஜிப் மாற்றுவாள், அறுந்த பட்டையைத் தைப்பாள். பதினெட்டு வருஷமாக ஊரார் பைகளை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்தவள். கழன்று கிடக்கும் ரப்பர், மூலை குத்திக் கிழிந்த துணி, சார்ஜர் கனத்தில் தொங்கிப்போன பாக்கெட் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆனால் பையை மட்டும்தான் அவளிடம் கொடுப்பார்கள். லேப்டாப்பை வெளியே எடுத்து, அவள் தைத்து முடிக்கும்வரை தங்கள் மடியிலேயே வைத்திருப்பார்கள். கொஞ்சம் பிடியுங்கள் என்று இதுவரை ஒருவரும் தந்ததில்லை. இன்று இந்தக் கடையிலும் அவள் தொட்டது சார்ஜரையும் பையையும்தான்.

பில்லில் கையெழுத்துப் போடக் குனிந்த மகள், “இதைக் கொஞ்சம் பிடிம்மா” என்று புது லேப்டாப்பை அவளிடம் நீட்டினாள்.