கதவைப் பிடிப்பவர்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை கிடைத்தபின் வந்த முதல் பள்ளிக்குழுத் தேர்தல் அது. இரண்டு முறை உறுப்பினராக இருந்த செங்கமலம் இரண்டாம் வகுப்புக்கு ஓட்டுக் கேட்கப் போனார். "பாடம் நடத்தி, அட்டென்டன்ஸும் எடுக்குற இந்த கம்ப்யூட்டர் சுவரைக் கொண்டுவந்தது நாந்தான்" என்றார்.

நஸ்ரின் எழுந்தாள். "பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடுவீங்களா ஆன்ட்டி? ஒருத்தி போனா இன்னொருத்தி வெளிய கதவப் பிடிச்சுக்கணும். உங்க சுவர் ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட் போடுது."

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. உறுப்பினராக இருந்த பத்து வருடமும் அவர் ஆசிரியர்களின் கழிவறையை மட்டுந்தான் பார்த்திருந்தார். மறுநாள் காலையிலேயே எட்டுத் தாழ்ப்பாளும் திருப்புளியுமாக வந்து நின்றார்.

தேர்தலன்று கழிவறை வாசலில் கதவைப் பிடிக்க ஒருத்தியும் இல்லை. எல்லோரும் ஓட்டுப் போடும் வரிசையில் நின்றார்கள்.