குட்டி வளர்ந்தால்…

“இப்போ கறுப்பா இருக்கு. வளந்தாலும் கறுப்பாவே இருக்குமா டாக்டர்?”

தடுப்பூசி போடத்தான் அந்தப் பெரியவரும் மனைவியும் நாய்க்குட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். ஊசி போட்டாயிற்று. கிளம்புகிற வழியைக் காணோம்.

இளம் மருத்துவர் குட்டியின் காதைப் புரட்டிக் காட்டினார். “இங்க பாருங்க சார், காதுக்குப் பின்னால முடியோட வேர்ப்பக்கம் வெளிறியிருக்கு. போகப்போகப் பழுப்பா மாறிடும்.”

“முடி சொரசொரன்னு வருமா, பட்டு மாதிரியா?” என்றாள் மனைவி.

“மூக்குமேல மீசை மாதிரி எதுவும் நீட்டிக்கிட்டு இல்லையேம்மா. மெத்துமெத்துன்னுதான் வரும்.”

“அதெல்லாம் சரி. இதே அடர்த்தி நிக்குமா? கொட்டிடுமா?” பெரியவர் விடவில்லை.

“குட்டி முடி கொட்டத்தான் செய்யும் சார். அப்புறம் வர்றது பரம்பரை. இதோட அப்பாவைப் பாத்திருக்கீங்களா?”

“அதைத்தானே பாக்கணும்கிறோம்!” என்ற மனைவி சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர் மூன்றாவது முறையாகச் செருமினார். பெரியவர் காதில் வாங்கவே இல்லை. குளிப்பாட்டினால் சுருளுமா, வெயிலில் வெளுக்குமா, எண்ணெய் தடவினால் அடர்த்தி கூடுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். எண்ணெய்க் கேள்விக்கு மட்டும் மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் எட்டிப்பார்த்தார். “தம்பி, என் கண்ணாடியை இங்கயா வச்சேன்?”

அவர் தலை, துடைத்துவைத்த வெண்கலப் பாத்திரமாக மின்னியது.

“எங்க அப்பா,” என்றார் மருத்துவர்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரி டாக்டர், வர்றோம்!” என்று விறுவிறுவெனக் கிளம்பிவிட்டார்கள். குட்டி மேசைமேலேயே நின்று வாலாட்டியது.

“சார்! நாய்க்குட்டி!” அதை வாரி அணைத்துக்கொண்டு மருத்துவர் வாசலுக்கு ஓடினார்.

கார் கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மாள் அவரைக் கவனிக்காமல் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“கட்டினா அவரைத்தான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறியே, அந்த டாக்டரைப் பாத்தாச்சுடி. பக்கத்து வீட்டு நாய்க்குட்டியை இரவல் வாங்கிட்டுப் போய் உங்கப்பா அந்தப் பிள்ளை உயிரை எடுத்துட்டாரு. ஒரு தடவைகூட முகம் சுளிக்கலையே! தலைமுடிதான் நிக்காது போலிருக்கு. போனாப் போகுது, உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு நான் குடும்பம் நடத்தலையா?”