கடிதக் கட்டு

“அவர் நுரையீரல் கெட்டது கப்பல் இன்ஜின் அறை ஆஸ்பெஸ்டாஸ் தூசியாலதான்னு ஆதாரம் வேணும்மா. பழைய பதிவேடு எதுவும் இல்ல,” என்றார் கடற்படை ஓய்வூதிய அதிகாரி.

அந்த அம்மாள் ஒரு கடிதக் கட்டைப் பிரித்து வைத்தாள். அதிகாரி ஒன்றைப் படித்தார்.

‘இன்னிக்கும் இன்ஜின் அறைக் குழாய் மேல சுத்தின ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் பிச்சோம். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. கண்ணாடியில பார்த்தா, நாளைக்கு உன் கிழவனாகப் போறவன் தெரிஞ்சான்.’

அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

“தேதி, கப்பல் பேரு எல்லாமே இருக்கே! நாற்பது வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க. மனைவின்னு இங்க கையெழுத்துப் போடுங்க.”

அவள் பேனாவைத் தொடவில்லை.

“மனைவி வெளியில அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க சார். அவங்கதான் என்னைத் தேடி வந்து இந்தக் கடிதங்களைக் கேட்டாங்க. நான் இதுல ஒண்ணுக்குக்கூடப் பதில் போடாதவ.”

கட்டை ஒருமுறை தடவினாள்.

“நகல் எடுத்துட்டுத் திருப்பித் தந்துடுவீங்கல்ல?”